களத்தில் ஒன்று, பந்தியில் வேறு

விளையாட்டுக்களம் எவருடைய பிறப்பையும் கேட்பதில்லை என்பது கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் உலகெங்கும் வேரூன்றிவிட்ட நம்பிக்கைகளுள் ஒன்று. விதிகள் இரு பக்கத்துக்கும் பொதுவானவை, ஓட்டமும் விக்கெட்டும் புள்ளியும் சிபாரிசால் கிடைப்பவை அல்ல என்பதால், ஊருக்குள் கிடைக்காத நீதி களத்திலாவது கிடைத்துவிடும் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நம்பியிருக்கிறார்கள்; ஒதுக்கியவர்களும் அதையே சொல்லித் தம் மனச்சான்றை ஆற்றிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நம்பிக்கையை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கோயில், குளம், பந்தி, மணவறை எல்லாம் மூடிக்கிடந்த காலத்தில் பலருக்கு முதலில் திறந்த கதவு விளையாட்டுக்களமே. ஆனால் அந்தக் கதவு திறந்த பின்னும் எவை மூடியே இருந்தன என்பதைப் பார்க்காமல் அதன் பெருமையை மட்டும் பேசுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. ஓர் அணியில் யார் ஆடுகிறார்கள் என்பதைக் காட்டிலும், ஆட்டம் முடிந்தபின் யார் யாருடன் உட்கார்ந்து உண்கிறார்கள், அணியை நடத்தும் பொறுப்பு யார் கையில் இருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளே அந்த அணியின் சமத்துவத்தை அளக்கப் போதுமானவை.

அமெரிக்கக் கல்லூரிகளின் தொடக்ககாலக் கால்பந்தாட்டத்தில் யூத மாணவர்களின் நிலை இதற்கு நன்கு பதிவான சான்று. அங்கே கால்பந்து என்று அழைக்கப்படுவது தமிழ்நாட்டில் ஆடப்படும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியின் உடற்சுவரை முட்டி மோதி முன்னேறும் வேறொரு ஆட்டம். 1869 நவம்பர் 6 அன்று பிரின்ஸ்டன், ரட்கர்ஸ் கல்லூரிகளின் மாணவர்கள் ஆடிய போட்டியிலிருந்து அதன் கல்லூரி வரலாறு தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். பழைய ஆங்கிலேய வழிவந்த சீர்திருத்தக் கிறித்தவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆண்மையையும் தலைமைக் குணத்தையும் பயிற்றும் கருவியாகவே அந்த ஆட்டம் அந்நாளில் போற்றப்பட்டது. யூதர்களைப் பற்றி ஐரோப்பாவிலிருந்து வந்த இழிவான பொதுக்கருத்து இதற்கு நேர் எதிரானது: அவர்கள் புத்தகப் புழுக்கள், வணிகத்தில் கெட்டிக்காரர்கள், உடல்வலு அற்றவர்கள் என்பதே அது. 1898இல் பாசல் நகரில் கூடிய இரண்டாம் சீயோனிய மாநாட்டில் மாக்ஸ் நோர்டாவ் யூதர்கள் தசைவலிமையை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறைகூவ நேர்ந்ததே அந்தப் பழி எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதைக் காட்டும். பிறர் தம்மைப் பற்றிச் சொன்ன பொய்யை மறுக்கத் தம் உடலையே சாட்சியாகக் கூண்டில் ஏற்ற வேண்டிய நிலை அது.

உண்மையில் யூதர்கள் இந்த ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள். ஹார்வர்டில் படித்து அங்கேயே ஆடிய லூசியஸ் லிட்டவர் 1881இல் அக்கல்லூரி அணியின் முதல் பயிற்சியாளரானார். 1890களின் தொடக்கத்தில் பிரின்ஸ்டன் அணியின் ஆட்டத்தை நடுவிலிருந்து இயக்கியவர் ஃபில் கிங். ஆனால் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் பெருமளவில் கல்லூரி வாசலுக்கு வந்தபோதுதான் உண்மையான சோதனை தொடங்கியது. ஹார்வர்டில் 1900இல் ஏறத்தாழ 7 விழுக்காடாக இருந்த யூத மாணவர்களின் பங்கு 1922இல் 21 விழுக்காட்டைத் தாண்டியபோது, அதன் தலைவர் லாரன்ஸ் லோவல் இவர்கள் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே முயன்றார். ஆசிரியர்கள் அதை ஏற்க மறுத்தனர். நேர்வழி அடைபட்டதும் சுற்றுவழி கண்டுபிடிக்கப்பட்டது: 1926 முதல், மதிப்பெண்ணோடு மாணவரின் குணநலனையும் எடைபோட்டுச் சேர்ப்பது என்று சேர்க்கை முறை மாற்றப்பட்டது. குணநலனுக்கு அளவுகோல் எதுவும் இல்லை என்பதே அந்த ஏற்பாட்டின் பயன். அதற்கு முன்பே, 1922இல், விண்ணப்பதாரரின் பெயரோ அவர் தந்தையின் பெயரோ பிறந்தபின் மாற்றப்பட்டதா என்ற கேள்வியும் விண்ணப்பத்தில் இடம்பெற்றிருந்தது. பெயரை மாற்றிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்ட யூதரைக் கண்டுபிடிக்கும் வழி அது.

இந்த இடத்தில் ஆர்னால்டு ஹார்வீன் என்பவரின் வாழ்க்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. சிகாகோவின் யூதக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த இவர், 1920 ஜனவரி முதல் நாள் ரோஸ் கிண்ணப் போட்டியில் ஓரிகன் அணியை ஹார்வர்டு 7க்கு 6 என்று ஒரே புள்ளியில் வென்றபோது அந்த ஒரு புள்ளியைக் காலால் உதைத்து ஈட்டியவர். அதே ஆண்டில் அணித்தலைவராகவும் ஆனார். படிப்பு முடிந்து தொழில்முறை அணிகளில் ஆடியபோது மக்மஹோன் என்னும் ஐரிஷ் பெயரைச் சூடிக்கொண்டார். பணத்துக்காக ஆடுவது அக்காலத்தில் மதிப்புக்குறைவு என்று கருதப்பட்டதை அதற்குக் காரணமாகச் சொல்வதுண்டு. 1926இல் ஹார்வர்டு அவரை மீண்டும் அழைத்துத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது. யூதப் பிள்ளைகளின் நுழைவைச் சுருக்கச் சேர்க்கை முறை திருத்தப்பட்ட அதே 1926இல், அதே கல்லூரியில், அதே லோவலின் தலைமையில் இது நடந்தது. முரண்போலத் தோன்றும் இதில் உண்மையில் முரண் ஏதும் இல்லை. அறிமுகமான, வெற்றி தேடித்தந்த ஒருவரை ஏற்றுக்கொள்வதும் அவர் பிறந்த கூட்டத்தை வாசலில் நிறுத்துவதும் ஒரே மனநிலையின் இரு செயல்கள். முதலாவது இரண்டாவதற்குச் சாட்சியாகவும் பயன்படும். எங்களிடம் வெறுப்பு இருந்தால் இவர் எப்படி இங்கே இருப்பார் என்று கேட்பதற்கு ஒருவர் போதும்.

பந்தியின் கதையும் அங்கே உண்டு. பிரின்ஸ்டனில் மேல்வகுப்பு மாணவர்கள் உணவுக்காகச் சேரும் கழகங்கள் இருந்தன. பெயருக்கு அவை உணவகங்கள், உண்மையில் சமூகத் தரத்தின் முத்திரைகள். 1958இல்கூட அவற்றில் எதிலும் இடம் கிடைக்காமல் விடப்பட்ட இருபத்துச் சொச்ச மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் யூதர்களாக இருந்தது பெரும் சர்ச்சையானது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய யூதக் குடியேறிகளின் மகன் பென்னி ஃபிரீட்மன் அணித்தலைவராகி 32 ஆண்டுகள் கழிந்தபின் நடந்தது இது. களம் எப்போதோ திறந்துவிட்டது, பந்தி திறக்கவில்லை.

இதே வரலாறு இந்தியாவில் இன்னும் கடுமையான வடிவில், யூதருக்கு அன்றி வேறொருவருக்கு, ஏறத்தாழ இதே ஆண்டுகளில் நடந்தது. பல்வங்கர் பாலு 1876இல் தார்வாடில், தோல்தொழில் செய்வோராகக் குறிக்கப்பட்டுத் தீண்டாமைக்கு உள்ளான சமூகத்தில் பிறந்தார். புனேயில் பார்சிகளின் கிரிக்கெட் கழகத்தில் மைதானம் பெருக்கும் வேலைக்கு மாதம் மூன்று ரூபாய் கூலி. அடுத்து ஐரோப்பியர்களின் புனே கழகத்தில் நான்கு ரூபாய். ஆடுகளத்தை உருட்டுவதும், வலை கட்டுவதும், ஆங்கிலேய அதிகாரிகளின் மட்டைப் பயிற்சிக்குப் பந்து வீசுவதும் அவர் வேலை. கிரெய்க் என்னும் புகழ்பெற்ற மட்டையாளருக்கு மணிக்கணக்கில் வீசி வீசித் தம் இடக்கைச் சுழற்பந்தைக் கூர்மையாக்கிக்கொண்ட அவருக்கு அங்கே ஒருநாளும் மட்டையைக் கையில் தரவில்லை. பந்து வீசுவது ஊழியம், மட்டை பிடிப்பது பிரபுக்களின் உரிமை என்ற பிரிவினை அந்த விளையாட்டுக்குள்ளேயே இருந்தது; இந்தியாவின் சாதி வந்து அதில் எளிதாகப் பொருந்திக்கொண்டது.

புனேயின் இந்துக் கழகம் ஐரோப்பியர்களை வெல்ல விரும்பியபோது அவர்களுக்குப் பாலுவின் விரல்கள் தேவைப்பட்டன. நீண்ட தயக்கத்துக்குப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தையே பிராமண வீரர்களும் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் கட்டடத்துக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடும் மண்கலயத்தில் தரப்பட்டது. உணவும் தனியே. இந்தியாவின் விளையாட்டு வரலாற்றில் ஒரு காட்சியை மட்டும் பள்ளிப் பாடத்தில் வைக்க வேண்டுமென்றால் வைக்கத் தகுந்தது எந்த வெற்றிக் கோப்பையும் அன்று, இந்த மண்கலயம்தான். சதாராவில் ஐரோப்பிய அணியைப் பாலுவின் பந்துவீச்சால் வென்று திரும்பியபின் மகாதேவ் கோவிந்த ரானடே அவருக்குப் பொதுவெளியில் மாலை அணிவித்து, களத்தில் சேர்ந்து ஆடுகிறவர்கள் பந்தியில் சேர்ந்து உண்ண மறுப்பது எப்படித் தகும் என்று உடனாடியவர்களைக் கடிந்துகொண்டார். அந்தக் கேள்வி ஒரு நீதிபதியின் வாயிலிருந்து வந்தது என்பதோடு, கேட்க வேண்டிய இடத்தில், கேட்க வேண்டியவர்களைப் பார்த்துக் கேட்கப்பட்டது என்பதும் முக்கியம்.

பிளேக் நோய்க்காலத்தில் பம்பாய்க்குச் சென்ற பாலு, அங்கே இந்து ஜிம்கானாவுக்காக ஆடினார். 1906இல் இந்துக்கள் ஐரோப்பியர்களை 109 ஓட்ட வேறுபாட்டில் வென்ற அணியில் அவரும் தம்பி சிவராமும் இருந்தனர். 1911இல் இங்கிலாந்து சென்ற முதல் அகில இந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றுத் திரும்பியபோதும் பாலு மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார். அவரைப் பாராட்டியவர்களுள் இளைஞர் அம்பேத்கரும் ஒருவர். இத்தனைக்கும் பிறகு அணித்தலைமை அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1920இல் நாற்கோணப் போட்டிக்கான இந்து அணியில் பாலு ஒதுக்கப்பட்டு, தம்பி விட்டலுக்கும் தலைமை மறுக்கப்பட்டபோது, சகோதரர்கள் சாதியின் பேரால் தம்மை அவமதிப்பதாக வெளிப்படையாகக் கூறி விலகினார்கள். அதன்பின் வந்த சமரசம் விசித்திரமானது: பாலு துணைத்தலைவராக்கப்பட்டார், தலைவர் பாய் ஆட்டத்தின் நடுவே சிறிது நேரம் களத்தைவிட்டு வெளியே சென்று, அந்த இடைவெளியில் பாலு அணியை நடத்த இடமளித்தார். இருபது ஆண்டு உழைத்தவருக்குத் தலைமை இவ்வாறு ஒருவர் வெளியே போய்த் திரும்பும் நேர அளவில் வழங்கப்பட்டது. 1923இல்தான் விட்டல் முறையாகத் தலைவரானார். அவ்வாண்டு இந்துக்கள் ஐரோப்பியர்களை வென்றனர்.

அந்தப் போட்டியே மதத்தின் பேரால் பிரிக்கப்பட்டிருந்தது என்பதை மறக்கலாகாது. ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என்ற நான்கோடு 1937இல் ‘மற்றவர்கள்’ என்ற ஐந்தாவது அணியும் சேர்ந்தது. இந்தியக் கிறித்தவர், பௌத்தர், யூதர் என்று நான்கு பெட்டிகளுக்குள்ளும் அடங்காத எல்லாரும் அதில் அடைக்கப்பட்டனர். கிறித்தவரான விஜய் ஹசாரே 1943 இறுதிப்போட்டியில் இந்து அணிக்கு எதிராக அந்த மற்றவர்கள் அணியின் 387 ஓட்டங்களில் 309ஐத் தனியொருவராக எடுத்தார், அணி தோற்றது. 1940இல் காந்தியடிகள் இத்தகைய வகுப்புவாரிப் போட்டியை எதிர்த்துப் பேசினார். 1946இல் அது நிறுத்தப்பட்டது. சென்னையில் பிரிவினை இதைவிட எளிய கோட்டில், ஐரோப்பியர், இந்தியர் என்று இருந்தது. சேப்பாக்கத்தின் ஐரோப்பியக் கழகத்தில் இந்திய ஆட்டக்காரர்கள் கட்டடத்துக்குள் அனுமதிக்கப்படாமல் மரநிழலில் உட்கார்ந்து உண்ண நேர்ந்ததைப் பொறுக்காமல்தான் புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கழகத்தைத் தொடங்கினார் என்பர். இழிவு மீண்டும் உணவுநேரத்தில்தான் முகம் காட்டியது. ஆனால் அந்த இழிவை உணர்ந்த மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக் கழகங்கள் தமக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்களுக்கு எவ்வளவு இடம் தந்தன என்பது தனியே கேட்கப்பட வேண்டியது.

யூதரின் நிலையையும் பாலுவின் நிலையையும் ஒன்றாக்கிவிடுவது தவறு. அமெரிக்காவின் யூதருக்குப் பெயரை மாற்றிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட ஒரு வழி இருந்தது. அவர் தொட்டது தீட்டு என்று எவரும் குளிக்கவில்லை. பாலுவுக்குப் பெயர்மாற்றம் எந்த வழியையும் திறந்திருக்காது. ஆனால் இருவரும் சந்தித்த ஏற்பாடு ஒன்றே. திறமை தேவைப்படும் இடம்வரை உள்ளே வரலாம், உறவு தேவைப்படும் இடத்தில் நின்றுகொள்ள வேண்டும். திறமையை இரவல் வாங்கிக்கொண்டு மனிதரை வெளியே நிறுத்தும் இந்தக் கலையில் இரு சமூகங்களும் தேர்ந்திருந்தன.

தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு இந்த அளவுகோலைக் கொண்டுவரும்போது, அது அயலிலிருந்து வந்த பொருளாகத் தோன்றாது. அரியலூர் மாவட்டத்தின் தென்கோடியில், கொள்ளிடத்தின் வடகரையில், தஞ்சாவூர்ச் சாலை ஆற்றைக் கடக்கும் இடத்தில் உள்ள திருமானூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒருபுறம் திருமழபாடிச் சிவன் கோயில், மறுபுறம் வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி மாதா கோயில், தை பிறந்தால் ஜல்லிக்கட்டு, மற்ற நாட்களில் கபடியும் கைப்பந்தும் ரப்பர்பந்துக் கிரிக்கெட்டும் என்று விளையாட்டு மண்ணோடு கலந்த பகுதி இது. இந்தப் பகுதியிலும், பொதுவாகத் தமிழகக் கிராமங்கள் எங்கும், ஒருவருடைய சாதியை நேராகக் கேட்பது நாகரிகம் அன்று. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. இன்று தமிழர் பெயரின் வாலில் சாதி இல்லை என்பது இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத சாதனை, பெருமைப்படத் தக்கது. ஆனால் பெயரில் இருந்து போனது தெருவில் தங்கிவிட்டது. ‘எந்தத் தெரு, தம்பி?’ என்னும் ஒரு கேள்வி போதும். ஹார்வர்டின் விண்ணப்பம் பெயரைத் துருவித் தேடியதை இந்தக் கேள்வி மூன்று சொற்களில் முடித்துவிடுகிறது.

கிராமத்து விளையாட்டு அணி பெரும்பாலும் தெருவை ஒட்டியே உருவாகிறது என்பதால் இந்தக் கேள்வி கேட்கப்படாமலே விடை தெரிந்துவிடுகிறது. ஊர்த் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு குழு, காலனிப் பிள்ளைகளுக்கு ஒரு குழு. பனியனில் அச்சிட்ட படமும் பெயரும் அதை உறுதிசெய்யும். நன்றாக வீசும் ஒரு காலனி இளைஞரைப் பக்கத்து ஊர்ப் போட்டிக்கு மட்டும் அழைத்துச் செல்வதும், கோப்பையோடு திரும்பியபின் அவர் தம் தெருவுக்கும் இவர்கள் தம் தெருவுக்கும் பிரிவதும் புதிதாகக் கேள்விப்படும் செய்தி அன்று. சாதியின் காரணமாக ஒரு குழுவில் சேர்க்கப்படாத ஆட்டக்காரனைப் பற்றி 2024இல் வெளிவந்த ‘லப்பர் பந்து’ திரைப்படம் தமிழகமெங்கும் தம் ஊர்க் கதையாகவே ஏற்கப்பட்டதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. தேநீர்க் கடைகளில் சாதிக்கொரு குவளை வைத்த இரட்டைக் குவளை முறையை எதிர்த்துத் தமிழ்நாட்டில் போராட்டங்கள் நடந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. பாலுவின் மண்கலயமும் அந்தக் குவளையும் ஒரே சூளையில் வெந்தவை.

தலைமையைப் பற்றிய கேள்விக்கு ஜல்லிக்கட்டு மிகத் தெளிவான களம். 2017 ஜனவரியில் அந்த விளையாட்டின் மீதான தடைக்கு எதிராகத் தமிழகம் ஒரே குரலில் திரண்டது. அந்த ஒற்றுமை உண்மையானது. ஆனால் வாடிவாசல் திறந்தபின் விழாவை நடத்துவது யார், முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்விகள் திரும்பி வந்தன. மதுரை அவனியாபுரத்தில் விழாக்குழுவைப் பற்றிய தகராறு உயர் நீதிமன்றம்வரை சென்று, மாவட்ட நிர்வாகமே பொறுப்பேற்கும் நிலை வந்தது. காளை எவர் வீட்டுக் கொட்டிலில் வளர்ந்தாலும் அதன் திமிலை எவரும் அணையலாம் என்பது களத்தின் நீதி. மேடையில் எவர் அமரலாம் என்பது ஊரின் நீதி. பம்பாயில் பாலுவுக்கு மறுக்கப்பட்டது இந்த இரண்டாவதுதான். மாடுபிடி வீரர்களும் காளைகளும் அரசிடம் பதிவு பெற்றுக் களமிறங்கும் இன்றைய முறை முதலாவதை ஓரளவு காத்திருக்கிறது. இரண்டாவதை அது தொடவில்லை.

இந்த நிலையில் நம்பிக்கைக்கு இடமளிக்கும் ஓர் இடம் உண்டென்றால் அது அரசுப் பள்ளியின் மைதானம். அதன் வரலாறும் எதிர்பாராத விதமாக அமெரிக்கக் கல்லூரி விளையாட்டோடு முடிச்சிடப்பட்டிருக்கிறது. மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் என்ற ஒருவர் கழுத்தில் ஊதலோடு நிற்பதற்கு அந்தக் கல்லூரி பெருங்காரணம். கிராமங்களில் மாலை தவறாமல் ஆடப்படும் கைப்பந்தும் அந்த ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் பிறந்து அதன் வழியாக வந்து சேர்ந்ததே. பள்ளி அணியில் தெருவைப் பார்த்து ஆள் எடுக்க முடியாது. சரக அளவிலும் மாவட்ட அளவிலும் வெல்ல விரும்பும் உடற்கல்வி ஆசிரியர் ஊர்த் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் சேர்ந்த ஒரே அணியைத்தான் களமிறக்குகிறார். வெளியூர்ப் போட்டிக்குச் செல்லும் நாளில் அவர்கள் ஒரே வண்டியில் ஏறி, ஒரே சட்டியிலிருந்து சோறு வாங்கி உண்கிறார்கள். பாலுவுக்குப் புனேயில் மறுக்கப்பட்டது இங்கே விதியாகவே நடக்கிறது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தெருக்குழுக்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சேர்ந்து ஆடிய ஐந்தாறு ஆண்டுகள் ஒரு கோடை விடுமுறையில் அழிந்துவிடுகின்றன.

இதைத் தடுக்கும் வழி பெரிய திட்டங்களில் இல்லை. ஊராட்சியோ இளைஞர் மன்றமோ கோயில் திருவிழாக் குழுவோ நடத்தும் போட்டிகளில் தெருவின் பெயரிலும் சாதித் தலைவர் படத்திலும் அணிகள் பதிவாவதை ஏற்காமல், பள்ளியின் பேரிலும் ஊரின் பேரிலும் பதியச் சொல்லலாம். ஒவ்வொரு அணியிலும் இரண்டு குடியிருப்புகளின் ஆட்டக்காரர்களும் இருக்க வேண்டும் என்று விதிக்கலாம். தலைவர், துணைத்தலைவர் பொறுப்புகளை ஆண்டுக்கு ஆண்டு மாற்றலாம். பரிசளிப்பு மேடையில் அமர்வோரின் பட்டியலையும் இதே கண்ணால் பார்க்கலாம். 1920இல் பல்வங்கர் சகோதரர்கள் கேட்டவற்றுள் இவற்றை மிஞ்சியது எதுவும் இல்லை. இவற்றுள் மிக எளியது, போட்டி முடிந்த இரவில் ஊர்ப்பொதுவில் எல்லா அணிகளுக்கும் ஒரே பந்தி போடுவது. எந்த ஊரில் அதுவே மிகக் கடினமாக இருக்கிறதோ அந்த ஊரில் அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.